ரெம்ஸியின் முகம்

நவம்பர் 10, 1989

இன்று முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் நாள். இந்த ஊரில் நவம்பரில் பீப்பாய் நிரப்பாதவளைக் குடும்பப்பெண் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நிலவறையில் எங்கள் வீட்டுப் பங்கு இருட்டு மூலை. பீப்பாயைக் கழுவி, முழு முழுக் கோசாக அடுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, கல்லைத் தூக்கி வைத்ததில் இடுப்பு போய்விட்டது. புகைப்பட ஸ்டுடியோவை மூடிவிட்டு வந்த ப்ளாமென் வழக்கம்போல் அறிவுரை மட்டும் சொன்னான். (அம்மா படித்தால் கட்டின புருஷனை 'அவன்' என்று எழுதுகிறாளே என்று தலையில் அடித்துக்கொள்வாள். அவள் படிக்கப் போவதில்லை. இந்த வீட்டிலும் தமிழ் படிக்க ஆளில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

சாயங்காலம் தொலைக்காட்சியில் சொன்னார்கள். முப்பத்தைந்து வருடமாக நாட்டை ஆண்டவர் பதவி விலகிவிட்டாராம். நான் கை தட்டப் போனேன். ப்ளாமென் எழுந்து போய் ஒலியைக் குறைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டான்.

"நல்ல சேதிதானே?" என்றேன்.

"நல்லதா கெட்டதான்னு இன்னும் யாரும் சொல்லலையே" என்றான்.

பல்கேரியனில் சொன்னதுதான். எழுதும்போது எல்லோரும் என் காதில் கோவில்பட்டித் தமிழ்தான் பேசுகிறார்கள்.

நவம்பர் 20

புகையிலைத் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தில் இன்று மேலாளர் என்னைத் "தோழர்" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, "அம்மா" என்று முடித்தார். இருமல் வந்ததுபோல் நடித்தார். பாவம். நாளைக்கு எது சரி என்று அவருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 30

கடைக்குப் போய்த் திரும்பும்போது கீழ்த்தளத்து நாத்யா அக்கா படியில் என்னை நிறுத்தினாள். ஐம்பது வயதுக்காரி, விதவை. தொழிற்சாலையில் இலை பிரிக்கும் பகுதியில் வேலை. என் பிள்ளை மிலாவைப் பிறந்தது முதல் தூக்கி வளர்த்தவள். நான்கு வருடமாகப் பழகிய அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வால்யா, என் பேர் நஸ்மியே" என்றாள்.

நேற்று கட்சித் தலைமை அறிவித்துவிட்டதாம், பெயர்களைத் திருப்பித் தருகிறோம் என்று. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் இங்குள்ள துருக்கியர் அத்தனை பேருக்கும் பல்கேரியப் பெயர் சூட்டினார்கள். ஊரைச் சுற்றி ராணுவ வண்டிகள், நகராட்சி மண்டபத்தில் மேசை, வரிசையாக ஆட்கள். நஸ்மியே நாதெஜ்தா ஆனாள், சுருக்கமாக நாத்யா. அவள் புருஷன் ரெம்ஸி, ரூமென் ஆனார். அடுத்து வந்த ஜூனிலேயே செத்தும் போனார். நான் அதற்கு அடுத்த வருடம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கேள்விப்பட்டதுதான். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. விண்வெளிக்குப் போன ருஷ்யப் பெண்ணின் பெயரை அப்பா எனக்கு வாலண்டினா என்று வைத்தார், இங்கே சுருக்கி வால்யா. தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்துக்காரருக்கு அன்றைக்கு அதைவிடப் பெருமை என்ன? அந்தப் பெயரோடு இங்கே படிக்க வந்தபோது ஒருவரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. கறுப்பாக இருந்தாலும் பெயர் வெளுப்பாக இருந்தது, தப்பித்தேன்.

ப்ளாமெனிடம் சொன்னேன். அந்தக் குளிர்காலம் தான் ராணுவ மறுபயிற்சிக்குப் போயிருந்ததாகச் சொன்னான். சாப்பிட வரவில்லை.

ஜனவரி 5, 1990

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

பெயர்களைத் திருப்பித் தரக்கூடாது என்று சதுக்கத்தில் கூட்டம். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், பேருந்துகளைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஸ்தோயேவ் பேசினார். பெயர் மாற்றிய அந்தக் குளிர்காலத்தில் ஊர்க் காவல் நிலையத்தின் இரண்டாம் அதிகாரியாக இருந்தவர். "நம்ம நாடு நம்மளுக்குத்தான்" என்றார். கூட்டத்தில் என் பரிசோதனைக்கூடத்துப் பெண்கள் இருந்தார்கள். நேற்று என்னோடு காப்பி குடித்தவர்கள்.

நாலு மணிக்கு நஸ்மியே அக்காவின் ஜன்னலில் கல் விழுந்தது. நான் ஓடிப்போய் அவளை மேலே எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தேன். கதவைப் பூட்டி, சங்கிலி போட்டு, மிலாவின் கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்தினேன். சங்கிலி போட்டேனா என்று மறுபடி மறுபடி போய்ப் பார்த்தேன். கீழே "துருக்கிக்கு ஓடு" என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாலும் எங்கே ஓடச் சொல்வார்கள் என்று யோசித்தேன். கோவில்பட்டி அவர்கள் வாயில் நுழையாது.

அக்கா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ப்ளாமென் தேநீர் கொண்டுபோய் வைத்தான். அவள் தொடவில்லை. அவன் அறையை விட்டுப் போன பிறகுதான் குடித்தாள். களைப்பாக இருக்கும்.

ஜனவரி 6

கண்ணாடி கிடைக்கவில்லை. அக்காவின் ஜன்னலுக்கு அட்டை அடித்தோம்.

மார்ச் 24

சட்டம் வந்து, நீதிமன்றத்தில் நின்று, அக்கா தன் பெயரை வாங்கிவிட்டாள். பாக்லவா இனிப்பு செய்து கொண்டுவந்தாள். ப்ளாமென் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்தே வந்தாள் என்று இப்போது புரிகிறது.

"ப்ளாமென், எனக்கு ஒரு படம் வேணும். ரெம்ஸி படம். நீ எடுத்தது" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே, இவர் அந்தச் சமயம் ஊரில் இல்லையே அக்கா என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் ஒன்பதாம் தேதி ரெம்ஸி இறந்து ஐந்து வருடம் முடிகிறது. இந்த நாட்டில் செத்தவர் படம் போட்டு ஓர் அறிவிப்பு அச்சடித்து வீட்டு வாசலில், மரத்தில், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுவார்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி மாதிரிதான், அளவில் சிறியது. நாற்பதாம் நாள், வருட முடிவு, ஐந்தாம் வருடம் என்று ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். கிறிஸ்தவருக்குக் கறுப்புக் கரை, முஸ்லிமுக்குப் பச்சைக் கரை. அன்றைக்கு ரெம்ஸிக்கு ரூமென் என்று பெயர் போட்டுக் கறுப்புக் கரைதான் ஒட்டவிட்டார்களாம். அதனால் இப்போது பச்சைக் கரை, சொந்தப் பெயர். வீட்டிலிருந்த படங்களையெல்லாம் பெயர் மாற்றிய அன்றே காவலர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம், புது அடையாள அட்டைக்காக நகராட்சி மண்டபத்தில் ப்ளாமென் எடுத்த படம் ஒன்றுதான்.

"எல்லாத்தையும் எரிச்சாச்சு" என்றான் ப்ளாமென். அக்கா தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு அவனைக் கேட்டேன். ஆமாம், மறுபயிற்சி என்று சொன்னது பொய்தான் என்றான். கூப்பிட்டார்கள், போனேன், ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்தார்கள், எடுத்தேன் என்றான். அவ்வளவுதானே. படம் எடுப்பது ஒரு குற்றமா? கல்யாணத்தில் படம் எடுப்பவன் அந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பா? திறமைக்காரன், கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மே மாதமே சதுக்கத்தில் அவனுக்கு ஸ்டுடியோவும் ஒதுக்கினார்கள். இருபத்தாறு வயதில் சொந்த ஸ்டுடியோ என்று கல்யாணப் பேச்சின்போது நான் பெருமையாக அப்பாவுக்குச் சொன்னது நினைவிருக்கிறது.

பாக்லவா மிச்சமிருக்கிறது. மிலா மட்டும் தின்றாள்.

ஏப்ரல் 12

கட்சி தன் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டதாம். இனி சோஷலிஸ்ட். அதற்கு யாரும் கையை முறுக்கவில்லை, இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை.

ஏப்ரல் 29

ஸ்தோயேவ் வீட்டுக்கு வந்தார். எனக்குச் செர்ரி ஜாம், ப்ளாமெனுக்குச் சொந்தத் தோட்டத்துச் சாராயம். "எங்க இந்திய மருமக" என்று என் தலையில் கை வைத்தார். நாடாளுமன்றத் தேர்தலில் நம் தொகுதிக்கு அவர்தான் வேட்பாளர். பழைய கட்சி, புதுப் பெயர். பிரசாரத்துக்கு ஒரு படம் வேண்டுமாம்.

வரவேற்பறையிலேயே விளக்கு வைத்து எடுத்தான். வலது கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவரே கேட்டார். அவருக்கு வலக்கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். சின்ன வயதில் புகையிலை அமுக்கும் எந்திரத்தில் போனது. ஊரில் குழந்தைகள்கூட அந்த மொட்டை விரலை ஆட்டி அவர் மாதிரி பேசிக் காட்டும்.

கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார், அந்தப் பழைய நெகட்டிவ் எல்லாம் என்ன ஆயிற்று என்று.

"எரிச்சிட்டேன்" என்றான் ப்ளாமென்.

"நல்லது. எனக்காகச் சொல்லல, உனக்காகத்தான் சொல்றேன். அன்னைக்கு அங்க இருந்தது நான் மட்டும் இல்லையே" என்றார். குனிந்து மிலாவிடம், எந்தப் பாலர் பள்ளிக்குப் போகிறாய் கண்ணு என்று கேட்டார். மிலா பள்ளியின் பெயரைச் சொன்னாள். எந்த வழியாகப் போவாய் என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

அவர் போன பிறகு நான் ஜாமைச் சாக்கடையில் கொட்டினேன்.

மே 8

கொஞ்ச நாளாக மிலாவை நானே கொண்டுபோய் விடுகிறேன், தினம் ஒரு வழியில். அவளுக்கு இது விளையாட்டாக இருக்கிறது.

மே 19

ஊறுகாய்ப் பீப்பாயில் அடியில் கிடந்த கடைசிக் கோஸை எடுத்துவிட்டுக் கழுவிக் கவிழ்க்கலாம் என்று நிலவறைக்குப் போனேன். பீப்பாய்க்குப் பின்னால், சுவர் ஓரம், சாக்குப்பைக்கு அடியில் தகர டப்பாக்கள். உள்ளே நெகட்டிவ் சுருள்கள், எண்ணெய்த் தாளில் சுற்றி, ஈரம் படாமல். நான்கு வருடமாக நவம்பர்தோறும் அதற்கு முன்னால் நின்று உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

எரிக்கவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று அவனைக் கேட்டேன். தெரியவில்லை என்றான். எரிக்க மூன்று தடவை கீழே போனானாம், தீக்குச்சி ஈரமாகிவிட்டதாம். தீப்பெட்டிக்காரர் மகளிடம் இந்தக் கதையா?

எனக்கு இரண்டு பயம். ஸ்தோயேவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது ஒன்று. இனி எரித்துவிடலாம் என்று நானே சொல்லிவிடுவேனோ என்பது இன்னொன்று. சொன்னால் எரித்துவிடுவான்.

சொல்லவில்லை. அக்காவுக்குப் படம் போட்டுக் கொடு என்றேன்.

மே 27

ப்ளாமென் பிரதி போட்டான். அழகான படம். ரெம்ஸிக்கு நல்ல புருவம், தெளிந்த முகம். அக்காவை மேலே கூப்பிட்டு நானே கையில் கொடுத்தேன். மிலாவின் தலையைத் தடவிக்கொண்டே நெடுநேரம் பார்த்தாள்.

"இது என் புருஷன் இல்ல" என்றாள்.

ப்ளாமென் ஏதோ சொல்ல வந்தான். அவள் விடவில்லை. "உதடு கிழிஞ்சிருந்துச்சு. இந்தக் கண்ணு திறக்கவே இல்ல. வீட்டுக்கு வந்த ராத்திரி நான்தான் துடைச்சேன், எனக்குத் தெரியாதா? அட்டையில ஒட்டினதும் இதே முகம்தான், மாவு பூசின முகம். அன்னைக்கு அவங்க சொன்னாங்க, பூசினே. இன்னைக்கு யார் சொன்னா?"

படத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ப்ளாமென் காயங்களைப் பூசி மறைத்தது நல்லெண்ணத்தில்தான். கல்யாணப்பெண்ணின் முகப்பருவை எடுப்பான், கிழவர்களின் சுருக்கத்தை எடுப்பான். அது அவன் தொழில். செத்தவரை அழகாகக் காட்ட நினைத்தது தப்பா? அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

இதை எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். நம்புகிற மாதிரி இல்லை.

ஜூன் 6

ஸ்டுடியோவின் இருட்டறைக்குள் என்னைக் கூட்டிப்போனான். சிவப்பு விளக்கில், தட்டில் தாள் மிதந்தது. இந்தத் தடவை எதையும் தொடவில்லை, ஓரத்தையும் வெட்டவில்லை.

முதலில் கண் வந்தது, வீங்கி மூடியிருந்த கண். பிறகு வாய். தலை நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை தலைமுடியைப் பற்றி முகத்தைக் கேமராவுக்கு நிமிர்த்திப் பிடித்திருக்கிறது. அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான்.

"நீ என்ன சொன்னே, எடுக்கும்போது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எல்லாருக்கும் சொல்றதுதான். 'அசையாதீங்க'ன்னு" என்றான். அழுதான். நான் அவனைத் தொடவில்லை. தொட வேண்டும்போல் இருந்தது, கை போகவில்லை.

ஜூன் 8

அக்கா படத்தைப் பார்த்து, இதுதான் அவர் என்றாள். அச்சகத்தில் ஒருவர் மட்டும் அச்சடிக்கச் சம்மதித்தார். பச்சைக் கரை, பிறை, "ரெம்ஸி மெஹ்மெதோவ். ஐந்து ஆண்டுகள். மறக்கவில்லை. மனைவி நஸ்மியே." நடுவில் அந்தப் படம். அச்சடித்து முடித்ததும் அவர் கை கழுவிக்கொண்டு, தான் இதைப் பார்க்கவே இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஒட்டுவது என்று பேர்தான், இங்கே இந்த அறிவிப்புகளைக் குத்தூசியால்தான் குத்துவார்கள். சாவு அறிவிப்பை யாரும் கிழிக்க மாட்டார்கள், மழையும் வெயிலும்தான் எடுத்துப்போக வேண்டும் என்பது வழக்கம். ஆனால் ரெம்ஸிக்கு ஐந்து வருடத்துக்கு முன் மாட்டிய கறுப்புக் கரை அறிவிப்புகளைக்கூட யாரோ ஒன்றுவிடாமல் கிழித்துவிட்டார்களாம்.

குத்தூசி வேண்டாம் என்றேன். ஒட்டுகிற விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த கை இது. தேர்தல் வந்தால் அப்பாவின் கட்சிச் சுவரொட்டிக்கெல்லாம் பசை எங்கள் வீட்டு அடுப்பில்தான். மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காது, மாடு நக்காது. இங்கே திராட்சைக் கொடிக்கு அடிக்க எல்லா வீட்டிலும் மயில்துத்தம் இருக்கிறது. மாவுதான் கடைசி அரைக் கிலோ. பசை நல்ல பதத்தில் வந்தது.

விடியுமுன் ஒட்டிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"இருட்டுல ஒட்ட அவர் என்ன திருடனா? சாவு அறிவிப்பு பகல்லதான் ஒட்டணும்" என்றாள்.

ஜூன் 9

பகலில் ஒட்டினோம். நாளை வாக்குப்பதிவு என்பதால் இன்று பிரசாரம் கூடாது, ஊர் அமைதியாக இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. ப்ளாமென் வாளியைப் பிடித்தான், நான் பசை தடவினேன், அக்கா தாளை வைத்து உள்ளங்கையால் நீவினாள். எங்கள் வாசல் கதவு, பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடைப் பக்கச் சுவர், வாக்குச்சாவடி வைத்திருக்கும் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர். ரொட்டிக்கடை வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் முதுகெல்லாம் வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. அடுத்த கல் என் மண்டையில்தான் என்று ஒவ்வொரு சுவரிலும் நினைத்தேன்.

கல் வரவில்லை. மிலாவைத் தொழிற்சாலைத் தோழி ஒருத்தி வீட்டில் விட்டிருக்கிறேன். அவள் வீட்டு முகவரியை இங்கே எழுதப் போவதில்லை. தமிழாக இருந்தாலும்.

ஜூன் 10

எனக்கு ஓட்டு இல்லை. சுற்றுச்சுவருக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். ப்ளாமெனும் அக்காவும் வரிசையில் நின்றார்கள், முன்னும் பின்னுமாக.

வரிசை அந்தப் படத்தை ஒட்டித்தான் நகர்ந்தது. ஒவ்வொருவரும் அதன் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, பிறகு கையைப் பார்த்தார்கள். ஒரு காவலர் வந்து நகத்தால் சுரண்டினார். வரவில்லை. பேனாக்கத்தியை எடுத்துக் கீறினார். தாள் நூல் நூலாக வந்ததே தவிர உரியவில்லை. அத்தனை பேர் பார்க்க, செத்தவன் முகத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு கிழவி, அவள் கழுத்தில் சிலுவை தொங்கியது, "விடுப்பா, பாவம், அது சாவு அறிவிப்பு" என்றாள். அவர் கத்தியை மடக்கிக்கொண்டு போனார்.

பிறகு ஸ்தோயேவ் வந்தார். ஜூன் வெயிலில் கோட்டு போட்டு, வலது கையைப் பைக்குள் விட்டிருந்தார். உள்ளே நின்ற ப்ளாமென் பிறகு சொன்னான், இடக்கையால் உறையைப் பெட்டிக்குள் திணித்தாராம். முதல் தடவை கீழே விழுந்ததாம். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லையாம்.

வெளியே வந்தவர் தெருவுக்கு அப்பால் நின்ற என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்கிறவர் மாதிரி பார்த்தார்.

ஜூன் 11

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. வரும் ஞாயிறு மறுபடி ஓட்டு. ஸ்டுடியோக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள்.

ஜூன் 18

ஸ்தோயேவ் ஜெயித்துவிட்டார். கொஞ்ச ஓட்டில்தான், ஆனால் ஜெயித்துவிட்டார். அவர் இனி எங்கள் தொகுதி உறுப்பினர், சட்டம் எழுதப் போகிறார். எதற்காக இத்தனையும் செய்தோம் என்று காலையில் ப்ளாமென்மீது எரிந்து விழுந்தேன். இரண்டு பெட்டி கட்டினேன். மிலாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம், அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். இவன் வருவானா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் வெயில் இறங்கும் முன்பே படியில் காலடிச் சத்தம். ஒருவருடையது அல்ல, நிறைய. எங்கள் மாடியில் வந்து நின்றது. மிலாவைத் தூக்கிக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டினேன். இனிமேல்தானே உண்மையான பயம் என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ப்ளாமென் கட்டின பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்ச் சங்கிலியை எடுத்தான். வேண்டாம் என்று கத்த நினைத்தேன், அதற்குள் கதவைத் திறந்துவிட்டான்.

வாசலில் ஒரு வயசாளி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர், படிக்கட்டு முழுக்க, கீழே நஸ்மியே அக்காவின் வாசல் வரைக்கும். தொழிற்சாலையில் தினம் பார்க்கும் முகங்கள். ஒருவர் கையிலும் கல் இல்லை.

"எங்க அண்ணன் படம் இருக்குமா? அந்த நாற்காலியில எடுத்தது. பூசாதது" என்றார் வயசாளி.

ப்ளாமென் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். விழுந்துவிடுவான் என்று நினைத்தேன். பிறகு அவன் குரல் கேட்டது, அவ்வளவு தாழ்ந்த குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை.

"பேர் என்ன?"

வயசாளி பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "எந்தப் பேரச் சொல்லணும்?" என்றார்.

"அம்மா வச்ச பேர்" என்றான் ப்ளாமென்.

அவர் சொன்னார். ப்ளாமென் நிலவறைச் சாவியை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து படியிறங்கினான். இறங்க இறங்க ஒவ்வொருவராகச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

நான் குளியலறையைத் திறந்து மிலாவை எடுத்துக்கொண்டேன். பெட்டிகளைப் பிரிக்கவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டில் மாவு கடன் கேட்டு வாங்கி, தண்ணீர் கொதிக்க வைத்தேன். நிறையப் பசை வேண்டியிருக்கும்.